கணிப்பொறி கற்றுக்கொண்ட கராத்தே

திரையில் இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவன் உடலைச் சுழற்றி எழும்பி உதைக்கிறான். மற்றவன் முழங்கையால் அதைத் தடுத்து, குனிந்து, எதிரியின் காலை வாரிவிடுகிறான். பத்தே வினாடிகளில் சண்டை முடிந்துவிடுகிறது. அடித்தவனுக்கும் வலி இல்லை, அடிபட்டவனுக்கும் வலி இல்லை. ஏனெனில் இருவரும் மனிதர்களே அல்லர். கணிப்பொறி வரைந்த உருவங்கள்.

இந்தப் பத்து வினாடிச் சண்டை கணிப்பொறிக்குள் எவ்வாறு இருக்கிறது? வெறும் எண்களாக இருக்கிறது. மனித உடலை 20 மூட்டுகள் கொண்ட எலும்புக்கூடாக எளிமைப்படுத்திக்கொள்வோம். ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை 3 கோணங்களால் குறிக்கலாம். ஆகவே ஒருவருக்கு 60 எண்கள், இருவருக்கு 120 எண்கள். திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 10 வினாடிக்கு 240 படங்கள். 120ஐ 240ஆல் பெருக்கினால் 28,800 எண்கள் வருகின்றன. இவற்றைக் கொடுத்துவிட்டால் கணிப்பொறி சண்டையை வரைந்து காட்டிவிடும்.

ஆனால் அந்த 28,800 எண்களைக் கொடுப்பது யார்? அவை எங்கிருந்து வருகின்றன? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் பல விடைகளைக் கண்டிருக்கிறார்கள். அந்த விடைகளின் வரலாற்றையே இங்கு காணப்போகிறோம்.

கறுப்பு உடையில் வெள்ளைக் கோடுகள்

கணிப்பொறி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, அசைவை எண்ணாக மாற்றும் முயற்சி தொடங்கிவிட்டது. 1878ஆம் ஆண்டில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் கலிஃபோர்னியாவில் வரிசையாகக் காமிராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகின்றன என்பதை அப்படங்கள் காட்டின. 1887இல் அவர் வெளியிட்ட விலங்கு அசைவுத் தொகுப்பில் 781 தகடுகள் இருந்தன. குத்துச்சண்டை வீரர்களும் வாள்வீரர்களும் மல்லர்களும் அவற்றில் இடம்பெற்றனர்.

பிரான்ஸ் நாட்டு உடலியல் அறிஞர் எட்டியென் ஜூல் மாரே இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1882இல் அவர் துப்பாக்கி வடிவிலான காமிரா ஒன்றை அமைத்தார். அது வினாடிக்கு 12 படங்களை எடுத்தது. ஆனால் ஒரே தகட்டில் பல நிலைகளைப் பதிவு செய்யும்போது, உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிட்டன. மாரே ஓர் எளிய வழியைக் கண்டார். ஆளுக்கு முழுக் கறுப்பு உடை அணிவித்து, கை கால்களின் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகளையும் மூட்டுகளில் புள்ளிகளையும் பொருத்தி, கறுப்புப் பின்னணிக்கு முன்னே ஓடவும் குதிக்கவும் செய்தார். தகட்டில் மனிதன் மறைந்துபோனான். கோடுகளும் புள்ளிகளும் மட்டும் பதிந்தன.

இதன் பொருளைக் கவனியுங்கள். உடலின் சதை, முகம், உடை ஆகிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அசைவை மட்டும் தனியே பிரித்தெடுத்தார் மாரே. அந்தப் புள்ளிகளின் இடத்தை அளவுகோல் கொண்டு அளந்தால் எண்கள் கிடைக்கும். இன்றைய முறைகளின் வித்து அங்கேதான் இருக்கிறது.

ஒற்றி எடுத்த உதை

இரண்டாவது விடை ஓவியர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் கார்ட்டூன் படம் வரைந்துகொண்டிருந்த மாக்ஸ் ஃபிளைஷர், 1915இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை கோரினார். 1917இல் அது கிடைத்தது. அவருடைய தம்பி டேவ் கோமாளி உடையில் ஆடியதைப் படம் பிடித்து, அந்தப் படச்சுருளை ஒவ்வொரு படமாகக் கண்ணாடியின்மீது விழச்செய்து, அதன்மேல் தாள் வைத்து ஒற்றி வரைந்தார். வரைந்த கோமாளி, உயிருள்ள கோமாளியைப் போலவே வளைந்து நெளிந்தான். ரோட்டோஸ்கோப் என்பது அக்கருவியின் பெயர்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, இதே ஒற்றுமுறை ஒரு கராத்தே சண்டைக்குப் பயன்பட்டது. யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஜோர்டன் மெக்னர், ஆப்பிள் II என்னும் வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தார. அந்தக் கணிப்பொறியின் நினைவகம் 48 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்திற்குக்கூட அது போதாது. தாம் கையால் வரைந்த வீரர்கள் விறைப்பாக அசைவதைக் கண்ட மெக்னர், கராத்தே ஆசிரியர் ஒருவரைக் குத்தவும் உதைக்கவும் செய்து சூப்பர் 8 படச்சுருளில் பதிவு செய்தார். பிறகு படம் படமாக ஒற்றி எடுத்து, அந்தக் கோடுகளைக் கணிப்பொறிக்குள் புகுத்தினார். 1984இல் 'கராத்தேக்கா' என்ற பெயரில் அவ்விளையாட்டு வெளிவந்தது.

உருவங்கள் சிறியவை; முகத்தில் கண் மூக்குக்கூடத் தெளிவில்லை. ஆயினும் அந்தச் சின்னஞ்சிறு வீரன் காலைத் தூக்கியபோது, விளையாடியவர்கள் அதை ஓர் உண்மையான உதையாக உணர்ந்தார்கள். உருவத்தின் விவரம் அன்று, அசைவின் உண்மையே கண்ணை நம்பவைக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

நடுவில் சுருங்கும் கை

ஒற்றி எடுப்பதில் ஒரு குறை உண்டு. எத்தனை படங்கள் வேண்டுமோ அத்தனையையும் மனிதக் கையே வரைய வேண்டும். இந்த உழைப்பைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க முடியாதா? மெக்னருக்கு முன்பே கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருவர் இதை ஆராய்ந்தனர். அவர்கள் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன்.

கார்ட்டூன் நிலையங்களில் ஒரு வேலைப் பிரிவினை உண்டு. தலைமை ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். உதைக்குமுன் கால் மடங்கிய நிலை, உதை முழுதும் நீண்ட நிலை என்பதுபோல. இவற்றுக்கு இடையிலுள்ள படங்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள். இந்த உதவியாளர்களின் வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பித்தனர் பர்ட்னிக்கும் வெய்னும். அவர்களுடைய முறையைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் 1974இல் உருவாக்கிய 'பசி' என்னும் குறும்படம் உலகப் புகழ் பெற்றது.

ஆனால் சண்டைக்கு இது அப்படியே பொருந்தாது. ஏன்? தோளிலிருந்து நேராகத் தொங்கும் 60 செ.மீ. நீளமுள்ள கை ஒன்றைக் கருதுங்கள். அது முன்னோக்கிக் கிடைமட்டமாக உயர்கிறது. தொடக்கத்தில் விரல் நுனி இருந்த இடத்தையும் முடிவில் இருந்த இடத்தையும் கொடுத்து, நடுநிலையைக் கேட்டால், கணிப்பொறி இரு புள்ளிகளையும் இணைக்கும் நேர்க்கோட்டின் மையத்தைத் தரும். தோளிலிருந்து அந்த மையத்தின் தொலைவு எவ்வளவு? 60ஐ √2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 செ.மீ. அதாவது பாதி வழியில் கை 18 செ.மீ. சுருங்கி, பிறகு மீண்டும் நீள்கிறது! எலும்பு அப்படிச் சுருங்குமா?

ஆகவே புள்ளிகளின் இடத்தைவிட மூட்டுகளின் கோணத்தைக் கணக்கிடுவதே சரி. 0° இலிருந்து 90°க்குச் செல்லும் கை நடுவில் 45°இல் இருக்கும், நீளம் மாறாது. பர்ட்னிக்கும் வெய்னும் 1976இல் எலும்புக்கூட்டு அடிப்படையிலான முறையை விளக்கினர்.

கோணங்களிலும் ஒரு பொறி இருந்தது. மூன்று அச்சுகளைச் சுற்றிய மூன்று கோணங்களால் ஒரு திருப்பத்தைக் குறிக்கும்போது, நடுக்கோணம் 90° ஆகும் நிலையில் மற்ற இரண்டு அச்சுகளும் ஒன்றாகிவிடும். அப்போது ஒரு திசையில் திரும்பும் வசதி இழக்கப்படுகிறது. சுழன்று உதைக்கும் வீரனின் தோளோ இடுப்போ திடீரெனப் புரண்டுவிடும். இதற்கு மருந்து பழைய கணிதத்தில் கிடைத்தது. அயர்லாந்துக் கணித அறிஞர் வில்லியம் ரோவான் ஹாமில்டன், 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் நகரின் கால்வாய்க் கரையில் நடந்து செல்லும்போது, நான்கு எண்கள் கொண்ட ஒரு புதிய எண்வகையை உணர்ந்தார். மகிழ்ச்சியில் அதன் சூத்திரத்தை அங்கிருந்த பாலத்தின் கல்லிலேயே கீறிவைத்தார். 1985இல் கென் ஷூமேக் என்பவர் அந்த நாலெண் முறையால் திருப்பங்களைச் சீராக நிரப்பலாம் என்று காட்டினார். இயந்திர வீரர்கள் புரளாமல் சுழலத் தொடங்கினார்கள்.

பாரம் எங்கே?

கை சுருங்கவில்லை, தோள் புரளவில்லை. ஆனாலும் பார்ப்பவர், 'இது பொம்மை' என்று சொல்லிவிடுகிறார். எதனால்? அந்த உருவத்திற்குப் பாரம் இல்லாததால்தான். கணிப்பொறிக்குக் கோணம் தெரியும். ஆனால் எடை என்றால் என்னவென்று தெரியாது.

ஒரு வீரன் துள்ளி உதைப்பதை எடுத்துக்கொள்வோம். கால் தரையை விட்டபின் அவனுடைய ஈர்ப்பு மையம், எறிந்த கல்லைப் போலப் பரவளைவில்தான் செல்ல முடியும். உச்சியிலிருந்து விழும்போது முதல் படத்தில், அதாவது 1/24 வினாடியில், ஏறத்தாழ 0.85 செ.மீ. இறங்குவான். அடுத்தடுத்த படங்களில் அதைப்போல் 3, 5, 7 மடங்கு இறங்குவான். இது கலிலியோ கண்ட ஒற்றைப்படை எண் விதியே. இவ்வாறு 7 படங்களில் ஏறத்தாழ 42 செ.மீ. இறங்கியிருப்பான். ஏறுவதற்கும் 7 படங்கள். ஆக, 42 செ.மீ. உயரத் துள்ளலுக்கு மொத்தம் 14 படங்கள்தாம் கிடைக்கும்.

உதையை நன்றாகக் காட்ட விரும்பும் ஓவியர், அதே 42 செ.மீ. துள்ளலை 28 படங்களுக்கு நீட்டுகிறார் என்று வையுங்கள். நேரம் இரு மடங்கானால், அதே உயரத்திற்கு ஈர்ப்பு முடுக்கம் நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. ஆகவே வீரன் பூமியை விட்டு ஏறக்குறைய நிலவுக்கே போய்விட்டான்! பார்ப்பவர் கணக்குப் போடுவதில்லை. ஆனால் அவர் கண் அதை உணர்ந்துவிடுகிறது.

சுழன்று உதைப்பதற்கும் விதி உண்டு. தரையை விட்டபின் கோண உந்தம் மாறாது. கைகளை மார்போடு சேர்த்தால் சுழற்சி விரையும், விரித்தால் தணியும். கைகளை விரித்தபடியே காற்றில் வேகம் கூடும் வீரன் பொய்யன். உதை பட்ட பிறகோ நியூட்டனின் மூன்றாம் விதி காத்திருக்கிறது. உதைக்கும் காலின் பயனுறு நிறை 10 கி.கி., வேகம் வினாடிக்கு 6 மீட்டர் என்று கணக்குக்காகக் கொள்வோம். அந்த உந்தம் முழுவதும் 60 கி.கி. நிறையுள்ள எதிரிக்குச் சென்றாலும் அவன் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில்தான் பின்னே நகர்வான். சுவரைப் பிளந்துகொண்டு பறக்கமாட்டான். அப்படிப் பறக்க வேண்டுமானால், அந்தரத்தில் இருந்து உதைத்தவனும் எதிர்த்திசையில் பறந்தாக வேண்டும்.

நம் கண் இத்தனை கூர்மையானதா? ஆம் என்றார் சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் யோஹான்சன். 1973இல் அவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனிதனின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவைத்துப் படம் பிடித்தார். அசையாதபோது அவை வெறும் புள்ளிகள். அசையத் தொடங்கியவுடன், நடப்பது ஒரு மனிதன் என்பதைப் பார்வையாளர்கள் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் கண்டுகொண்டார்கள். பிறந்தது முதல் மனிதர்களையே பார்த்துப் பழகிய கண்ணை ஏமாற்றுவது எளிதன்று.

வாசகர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவர் குதிப்பதைக் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து பதிவு செய்து, படம் படமாக நிறுத்தி, இடுப்பின் உயரத்தைத் திரையில் அளந்து வாருங்கள். உச்சியிலிருந்து இறங்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தை ஒட்டி வருவதைக் காணலாம்.

பளிச்சிடும் பந்துகள்

பாரத்தைக் கணக்கிட்டு வரைவது கடினம் என்றால், பாரமுள்ள ஓர் உடலையே மீண்டும் அழைத்துவிட்டால் என்ன? மூன்றாவது விடை இதுவே. ஒரு வகையில் இது மாரேயிடம் திரும்பிச் செல்வதுதான்.

இறுக்கமான உடையணிந்த கலைஞரின் மூட்டுகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு பந்துகளைப் பொருத்துகிறார்கள். சுற்றிலும் பல காமிராக்கள் நிற்கின்றன. ஒரே பந்தை இரண்டு காமிராக்கள் வெவ்வேறு கோணங்களில் கண்டால், முக்கோணக் கணக்கினால் அதன் இடம் தெரிந்துவிடும். நம் இரு கண்கள் தொலைவை உணர்வது போலத்தான். சண்டைக் காட்சியில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. இருவர் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும்போது ஒருவர் உடல் மற்றவரின் பந்துகளை மறைத்துவிடும். அதனால்தான் அத்தனை காமிராக்கள் தேவைப்படுகின்றன.

ஜப்பானின் சேகா நிறுவனத்தில் யூ சுஸூகி 1993இல் உருவாக்கிய 'வெர்ச்சுவா ஃபைட்டர்' விளையாட்டில், வீரர்கள் தட்டையான பலகோணங்களை ஒட்டிச் செய்த பொம்மைகளாக இருந்தனர். மறு ஆண்டு வெளிவந்த இரண்டாம் பகுதியில் அசைவுப் பதிவு முறை கையாளப்பட்டது. 2003இல் வந்த 'மேட்ரிக்ஸ்' இரண்டாம் படத்தில், கதாநாயகன் தன் எதிரியின் எண்ணற்ற நகல்களோடு மோதும் காட்சிக்கு ஹாங்காங் சண்டைப் பயிற்சியாளர் யுவென் வோ-பிங்கின் அசைவுகளைக் கலைஞர்கள் நிகழ்த்த, அவை பதிவாகின. இருந்தும் முழுக்கக் கணிப்பொறி வரைந்த பகுதிகளில் உடல்கள் ரப்பர் போலத் தெரிவதாகப் பலர் குறைகூறினர். தமிழில் 2014இல் வெளிவந்த 'கோச்சடையான்' இந்த முறையில் எடுக்கப்பட்ட படமே.

பதிவு செய்த எண்கள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. உயரமானவரின் கோணங்களைக் குள்ளமான உருவத்திற்கு அப்படியே கொடுத்தால், பாதம் தரையில் வழுக்கும். குத்து எதிரியைத் தொடாமல் நிற்கும். ஒருவர் அசைவை இன்னொரு உடலுக்கு ஏற்றவாறு திருத்தும் வழியை 1998இல் மைக்கேல் கிளைக்கர் என்பவர் விளக்கினார். உருவம் ஒரு கொழுத்த கரடியாகவே இருந்துவிட்டால்? 2008இல் வந்த 'குங்ஃபூ பாண்டா'வில் அசைவுகளை ஓவியர்களே நிலை நிலையாக அமைத்தார்கள். அதற்காக அவர்கள் குங்ஃபூ வகுப்புக்குச் சென்று பழகிப் பார்த்தார்கள். பந்துகள் இல்லாவிட்டாலும், பாடம் ஓர் உடலின் வழியாகவே வந்தது.

விழுந்து விழுந்து கற்ற பொம்மை

நான்காவது விடையைத் தந்தவர்கள் இயற்பியல் வழி நின்றவர்கள். உருவத்திற்கு நிறையைக் கொடுப்போம், மூட்டுகளுக்கு விசையைக் கொடுப்போம், நியூட்டனின் விதிகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். 1988இல் ஆண்ட்ரூ விட்கின், மைக்கேல் காஸ் ஆகிய இருவர் ஒரு மேசை விளக்கை இவ்வாறு குதிக்கவைத்தனர். 1995இல் ஜெசிக்கா ஹாட்ஜின்ஸ் குழுவினர் ஓடும், மிதிவண்டி ஓட்டும், தாண்டிக் குதிக்கும் மனித உருவங்களை உருவாக்கினர்.

2018இல் அமெரிக்காவின் பெர்க்லியிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இருந்த ஆய்வாளர்கள் இதனோடு இயந்திரக் கற்றலைச் சேர்த்தனர். நிறையும் மூட்டுகளும் கொண்ட ஒரு பொம்மைக்குச் சுழல் உதை ஒன்றின் பதிவைக் காட்டி, அதைப் பின்பற்றச் சொன்னார்கள். முதலில் பொம்மை தள்ளாடி விழும். பதிவை நெருங்கினால் மதிப்பெண். விழுந்தால் ஆட்டம் முடிந்தது, மறுபடியும் தொடக்கம். எப்போதும் முதலிலிருந்தே தொடங்கினால் பறக்கும் கட்டத்தை எட்டவே வழியில்லை என்பதால், அந்தரத்தில் இருக்கும் நிலையிலிருந்தும் பழகவிட்டார்கள். பல கோடிக் கணங்கள் பழகியபின் பொம்மை சுழன்று உதைத்தது. பின்னந்தலைகீழாகத் துள்ளி நின்றது. பெட்டியை அதன்மீது எறிந்தால் தடுமாறிச் சமாளித்துக்கொண்டது. திரை வீரனுக்குப் பாரம் வந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பொம்மை பின்பற்றிய அந்தப் பதிவு யாருடையது? எங்கோ ஒரு மனிதர், பந்துகள் பொருத்திய உடையில், உண்மையான தரையில், உண்மையான முழங்காலுடன் உதைத்தது அது.

எண்கள் யாருடையவை?

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம். 28,800 எண்களும் எங்கிருந்து வந்தன? ஒற்றினாலும், இடையை நிரப்பினாலும், பந்துகளால் பதிந்தாலும், இயந்திரம் தானே கற்றாலும், தேடிக்கொண்டே போனால் முடிவில் ஓர் உடல் நிற்கிறது. ஓர் உதையைச் செம்மையாக உதைக்க ஆண்டுக்கணக்கில் பழகிய உடல் அது.

திரைப்பட நடிகரின் முகம் தெரியும். அவரை ஊர் அறியும். அசைவைத் தந்தவருக்கோ முகம் இல்லை. அவருடைய எண்களை இன்னோர் உருவத்திற்கு மாற்றலாம், நூறு படங்களில் பயன்படுத்தலாம், அவற்றைக் கொண்டு இயந்திரத்திற்குப் பயிற்சி அளித்து அவர் செய்யாத அசைவுகளையும் செய்யவைக்கலாம். அவருக்குக் கூலி எத்தனை முறை? ஒருமுறைதானா?

இது வெறும் தத்துவக் கேள்வி அன்று. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா, கணிப்பொறி விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிராக 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது அதன் முதன்மையான கோரிக்கை. குரல் தருவோருக்கு மட்டுமின்றி, அசைவை மட்டும் தரும் சண்டைக் கலைஞர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று சங்கம் வாதிட்டது. ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்குப் பின் 2025 ஜூனில் வேலைநிறுத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜூலையில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம், ஒருவருடைய மின்னணு நகலைப் பயன்படுத்த அவருடைய ஒப்புதல் வேண்டும் என்கிறது.

இன்று பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு, நம் கல்லூரி மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறியிலேயே பத்து வினாடிச் சண்டையை அமைத்துவிட முடியும். வலையிலிருந்து ஓர் உதையின் பதிவை இறக்கி, தம் வீரனுக்குப் பொருத்திவிடலாம். அப்படிச் செய்யும்போது இயற்பியல் விதிகளுக்கு அவர் கடன்பட்டிருப்பது போலவே, அந்த உதையைத் தந்தவருக்கும் கடன்பட்டிருக்கிறார். படத்தின் இறுதியில் அவர் பெயரையும் சேர்க்கலாம். பெயர் தெரியாவிட்டால், அப்படி ஒருவர் இருந்தார் என்றாவது குறிப்பிடலாம்.

மாரேயின் தகட்டில் கறுப்பு உடை அணிந்தவன் மறைந்து, வெள்ளைக் கோடுகள் மட்டும் மிஞ்சின. கோடுகளைப் படிக்க நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். அவற்றின் பின்னே நின்ற மனிதனைக் காணவும் கற்றுக்கொள்ள வேண்டும்.